ஏழாவது மைக்ராஸ்கோப்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து அடைமழையில், ஒரு திங்கட்கிழமை மதியம், கள்ளக்குறிச்சியை ஒட்டிய ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் வைத்து என் உயிர் ஒரு முறை என்னை விட்டுப் போய்விட்டு வந்தது. அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை, விழுப்புரத்தோடு இருந்தது. போன உயிர் விழுப்புரம் வரைக்கும் போய்ப் பெரிய அதிகாரிகளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் பிடித்தது.

அந்த லேபில் நான் அட்டெண்டர். பாட்டில்களில் ஃபார்மலின் ஊற்றுவது, மைக்ராஸ்கோப்பைத் துடைப்பது, ஸ்லைடுகளை அடுக்குவது, செய்முறைத் தேர்வில் மணி அடிப்பது என் உத்தியோகம். யாரும் கேட்காமலே இன்னொரு வேலையும் பார்த்துவந்தேன். சிரிக்க வைப்பது. அதற்கு முந்தின வருடம், லேபில் தொங்கும் மனித எலும்புக்கூட்டுக்கு ஹெல்மெட் மாட்டி, கையில் டீ டம்ளரைச் சொருகி, கதவைப் பார்க்க நிறுத்தி வைத்திருந்தேன். எங்கள் துறைத்தலைவி அம்மா வந்து பார்த்துச் சிரிப்பார் என்று கணக்கு. கதவைத் திறந்ததோ வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்த பேராசிரியர். மனுஷன் பையைக் கீழே போட்டுவிட்டார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை இந்த மாதிரி வெளையாடினீங்க, மேல எழுதி அனுப்பிடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது” என்றார். அந்த அம்மா கோபித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இதெல்லாம் இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

விலங்கியல் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டர் என்று ஒரு பகுதி உண்டு. வரிசையாகப் பத்து இடத்தில் பத்துப் பொருள் வைத்திருப்போம். சில இடத்தில் பாட்டில், சில இடத்தில் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு. மாணவர்கள் ஒவ்வொன்றின் முன்பும் மூன்று நிமிடம் நின்று, பார்த்து, இன்னது என்று பெயர் எழுதி, படம் வரைந்து, காரணம் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த இடம். அந்த வருடம் ஏழாவது இடத்துக்குக் குறித்திருந்தது ஆம்பியாக்ஸஸ்.

பெயரைக் கேட்டு ஏதோ பெரிய மிருகம் என்று நினைத்துவிடாதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத கடல் பிராணி. இரண்டு பக்கமும் கூராக, வெந்த சேமியாத் துண்டு போல இருக்கும். இதைப் பற்றி அம்மா வகுப்பில் சொல்லும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். “இந்தப் பக்கம் புழு, நத்தை, நண்டு. அந்தப் பக்கம் மீன், தவளை, நாம எல்லாம். நடுவுல வாசப்படியில நிக்குது பாருங்க, அது இது.” பதினைந்து வருடமாக இதைப் பின்வரிசையில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட எழுந்து போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததில்லை. வாசப்படியில் நிற்பவர்களை நான் தினமும் பார்க்கிறேனே, புதிதாக என்ன என்ற எண்ணம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆம்பியாக்ஸஸ் ஸ்லைடு. நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பே, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. சாயமேற்றி, கண்ணாடிப் பட்டையில் பிசின் விட்டு ஒட்டி, மேலே மெல்லிய கண்ணாடி மூடிய ஸ்லைடு. இதே பிராணி பாட்டிலிலும் ஒன்று இருந்தது. அது மாவாகிக் கரைந்துபோய் பல வருடம் ஆகிறது.

தேர்வு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நான் ஸ்லைடுகளைத் துடைக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் வருஷக்கணக்கில் விரல் பிசுக்கு. துணியில், பிசுக்கைக் கரைக்கும் சைலீன் திரவம் ஒரு சொட்டு தொட்டு, ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அப்போது என் மனைவி அழுக்குச் சட்டையை எப்படித் துவைக்கிறாள் என்று ஒரு யோசனை வந்தது. முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டுவிடுவாள். மறுநாள் அழுக்கு தானாக விட்டுவிடும். அடடா என்று, முப்பது ஸ்லைடுகளையும் ஒரு கண்ணாடித் தொட்டியில் போட்டு, அவை மூழ்க சைலீனை ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

சைலீன் அந்தப் பிசினையே கரைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த விஷயங்கள் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மேல் எனக்கு ஞாபகம் இருப்பதில்லை.

திங்கட்கிழமை மதியம் மூடியைத் திறந்தேன். பெரும்பாலான ஸ்லைடுகள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் போல இருந்த இடத்தில் இருந்தன. ஐந்து மட்டும் மூடிக் கண்ணாடி நழுவிக் கிடந்தன. அதில் நாலுக்கு வேறு ஸ்லைடு கைவசம் இருந்தது. ஐந்தாவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். அடியில் கண்ணாடிப் பட்டை வெறுமையாகக் கிடந்தது. அதற்கு மேலே, திரவத்தின் நடுவில், அது தனியாக மிதந்துகொண்டிருந்தது. ரோஜாப்பூ நிறத்தில், ஊடுருவிப் பார்க்கும்படி, நகத்தின் ஓரத்தை வெட்டிப் போட்டது போல மெலிசாக. என் கை நடுங்க நடுங்கத் தொட்டி நடுங்கியது. தொட்டி நடுங்க அது மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது. எத்தனையோ வருடம் கண்ணாடிக்குள் அசையாமல் கிடந்தது எனக்காக ஒரு முறை நீந்திக் காட்டினது மாதிரி இருந்தது. பயத்துக்கு நடுவிலும் ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த ஒரு கணம்தான். அப்புறம் பயம் மட்டும்.

எடுத்து மறுபடி ஒட்டிவிடலாம் என்று மெல்லிய பிரஷ்ஷால் தொட்டேன். சைலீனில் ஊறியது அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. பட்டென்று இரண்டாக உடைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அம்மா. கூடவே, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்த ஒரு மாணவி. நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு உடம்பு கொஞ்சம் அகலம். அன்றைக்குத்தான் அது பிரயோஜனப்பட்டது.

“ஸ்லைடெல்லாம் ரெடியா?”

“ரெடிங்கம்மா. பளபளன்னு இருக்குது.”

அந்தப் பெண்ணுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர். கடைசி வருடம். ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பஸ் வராது, பஸ் வராவிட்டால் அவளும் வரமாட்டாள். அதனால் வகுப்புத் தேர்வுகளை எல்லாம் விட்டிருந்தாள். அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

“உனக்கு இன்டெர்னல்ல ஒண்ணுமே இல்லம்மா. நாளைக்கு ஒரு ஸ்பாட்டர் போனாகூட இந்தப் பேப்பர் நின்னுடும். அப்புறம் டிகிரி ஒரு வருஷம் தள்ளிப் போயிடும்.”

“ஒரு வருஷம்லாம் எங்க வூட்டுல உட மாட்டாங்க மேடம். மூணு வருஷத்துக்குத்தான் பேசிக்கினு வந்தேன்” என்றாள் அந்தப் பெண். ஏதோ வாடகை வண்டிக்குப் பேசினது போலச் சொன்னாள். “எல்லாத்தையும் வரைஞ்சி பாத்துட்டேங்க. உட்டுடமாட்டேன்.”

அம்மா போகும்போது திரும்பி, “ஏழாவதை மட்டும் பத்திரமா வைங்க. நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு” என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஹெல்மெட் போட்ட எலும்புக்கூடு கண் முன்னால் வந்து நின்று, வேண்டாம் என்று கையசைத்தது. உடைந்த இரண்டு துண்டையும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் சைலீனோடு விட்டு, மூடி, பீரோவில் பின்னுக்குத் தள்ளினேன். ஒருவன் தப்பை மறைக்க ஆரம்பித்ததும் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாகிவிடுகிறது! பதினைந்து வருடத்தில் எனக்கு வராத விஞ்ஞான மூளை அந்தச் சாயங்காலம் பஸ்ஸில் வந்தது. இரண்டு பக்கமும் கூராக, மெலிசாக, மீன் மாதிரி. அதுதானே வேண்டும்?

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில், கோமுகி அணையிலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டி. தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் மனைவியின் பழைய, வலை போல மெல்லிசான வாயில் துணிப் புடவையை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன்.

அவள் கரையில் நின்று பார்த்தாள். “இன்னாய்யா இது? கொழம்புக்கா?”

“இல்ல. ஆபீஸ் வேலை.”

“ஆபீஸ் வேலைக்கு எம் பொடவை இன்னாத்துக்கு?” என்றாள். புடவையில் சிக்கிய மீன் குஞ்சுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை நீளம். “இதைப் புடிக்கத்தான் கவர்மெண்டு ஒனக்கு வேலை குடுத்துக்கீதா? நல்லா பொழைச்சிக்கும் கவர்மெண்டு.”

மறுநாள் காலை ஆறரைக்கே லேபைத் திறந்துவிட்டேன். குஞ்சு ஒன்றை எடுத்துத் தலையை நறுக்கி, இரண்டு முனையையும் பிளேடால் சீவிக் கூராக்கினேன். சாயத்தில் போட்டு, ஸ்பிரிட்டில் போட்டு, சைலீனில் போட்டுத் தெளியவைத்து, கண்ணாடியில் பிசின் விட்டு ஒட்டினேன். அம்மா செய்வதைத்தான் பதினைந்து வருடமாகப் பார்த்திருக்கிறேனே. தள்ளி நின்று பார்த்தேன். அசல் ஆம்பியாக்ஸஸே வந்து பார்த்தால் அண்ணன் என்று கூப்பிடும். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

தேர்வாளர் வந்தார். யார் என்கிறீர்கள்? போன வருடம் பையைக் கீழே போட்டவரேதான். கதவைத் திறந்தவர் உள்ளே கால் வைக்கவில்லை. முதலில் எலும்புக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காக நிற்கிறோம் என்று உறுதியான பிறகுதான் வந்தார். மைக்ராஸ்கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு ஏழாவதுக்கு வந்தபோது, “இப்பதாங்க சார் பாத்துப் பாத்து வெச்சேன். தொட்டா கலைஞ்சிடும்” என்றேன். தலையசைத்துவிட்டு எட்டுக்குப் போய்விட்டார்.

தேர்வு ஆரம்பித்தது. இருபது பேர். நான் மணியோடு நின்றேன். என் கண்ணெல்லாம் ஏழில். முதலில் வந்தவன் குனிந்தான், நிமிர்ந்தான், ‘ஆம்பியாக்ஸஸ்’ என்று எழுதினான். அடுத்தவனும் அப்படியே. ஒருவன் மைக்ராஸ்கோப்பில் கண்ணையே வைக்கவில்லை. ஏழாவது இடத்தில் அதுதான் வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எல்லாரும் நோட்டில் போட்டுப் பழகிய படத்தை மனசிலிருந்து எடுத்துப் பேப்பரில் இறக்கினார்கள். பார்த்து வரைந்தவர் ஒருவர் இல்லை. எனக்கு மூச்சு சீராக வந்தது. இந்த நாட்டில் படிப்பு இப்படி இருப்பதும் சில நேரம் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த மலைப் பெண் ஏழுக்கு வந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. ஸ்லைடை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள். எதையோ எண்ணுவது போல உதடு அசைந்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். போனேன்.

“அண்ணா, இது அது இல்லண்ணா” என்று கிசுகிசுத்தாள். “இதுக்கு முதுகெலும்பு கீது. மணி கோத்தா மாதிரி தனித்தனியா தெரியுது. விலா எலும்பும் கீது. யாரோ மீனைத் தலை வெட்டி வெச்சிக்கீறாங்கண்ணா.”

“பேசாத. பரீட்சையில பேசக்கூடாது. எழுது.”

“இன்னான்னு எழுதறது?”

“எல்லாரும் எழுதறதை எழுதும்மா.”

அவள் என் முகத்தை ஒரு விதமாகப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். பேனாவை எடுத்தாள். எனக்கு வந்த பதற்றத்தில், கையில் இருந்த மணியை ஓங்கி அடித்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் பாக்கி. எல்லாரும் எழுதியும் எழுதாமலும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். அவள் பாதிப் படத்தோடு எட்டுக்குப் போனாள்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அம்மாவும் தேர்வாளரும் பேப்பர் திருத்த உட்கார்ந்தார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். டம்ளரை மேஜையில் வைக்கும்போது தேர்வாளர் ஒரு பேப்பரைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏழாவதுக்கு இந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கு பாருங்க மேடம். ‘இது ஆம்பியாக்ஸஸ் அல்ல. தலை நீக்கப்பட்ட மீன் குஞ்சு. காரணம்’னு போட்டு, பாதியில நிக்குது. பத்தொன்பது பேருக்குத் தெரிஞ்சது இதுக்குத் தெரியல.”

அம்மா நம்பரைப் பார்த்தார். “ஐயோ, அந்தப் பொண்ணா. இது போச்சுன்னா அவ பேப்பரே போச்சு சார்.”

“என்ன பண்றது? தப்பு தப்புதானே” என்று அவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்த மூடி கழன்ற சத்தம் இருக்கிறதே! ஒரு பக்கம் என் வேலை. இன்னொரு பக்கம், மூன்று வருடத்துக்குப் பேசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்த பெண். நான் பெரிய உத்தமன் இல்லை. ஓடிவிடலாமா என்றுதான் முதலில் காலைப் பார்த்தேன். கால் நகரவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

“சார், அந்தப் பொண்ணு எழுதினதுதாங்க சரி. அது மீனுங்க. நாந்தான் வெச்சேன்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள்! அம்மா, “போங்க அந்தப் பக்கம். சாருக்கு முன்னாடி வெளையாடாதீங்கன்னு போன வருஷமே சொன்னேன் இல்ல?” என்றார். தேர்வாளர், “ஹெல்மெட் எங்க, அதுக்கும் மாட்டியிருக்கா?” என்றார்.

என் நாற்பத்தைந்து வயதில் நான் சொன்ன ஒரே முக்கியமான உண்மைக்கு இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஜோக் சொன்னபோதெல்லாம் இவ்வளவு சிரித்ததில்லை. பேனா மறுபடி பேப்பர் மேல் போனது. நான் ஓடிப்போய், பீரோவைத் திறந்து, அந்தக் கிண்ணத்தை எடுத்துவந்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

தேர்வாளர் எழுந்து ஏழாவது மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

“சாயம் நல்லா ஏத்தியிருக்கீங்க” என்றார் நிமிர்ந்து. “அதனாலதான் எலும்பு ஒவ்வொண்ணும் எண்ணுற மாதிரி தெரியுது. இதைப் பாக்காம நானே கடந்து போயிருக்கேன். அந்தப் பொண்ணு பாத்திருக்கு.”

அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் மாணவியா இருந்தப்ப இதைப் பாத்துத்தான் இந்தப் பாடத்துக்கே வந்தேன்” என்று மட்டும் சொன்னார். அவர் இதே கல்லூரியில் படித்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கத்தியிருந்தால் தேவலை.

தேர்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கிண்ணத்துச் சைலீனோடு சேர்த்து அந்த இரண்டு துண்டையும் ஒரு சொட்டுக் குழாயில் உறிஞ்சினார். பிரஷ் படவே இல்லை. புதுக் கண்ணாடியில் மெல்ல இறக்கி, ஊசி முனையால் பக்கம் பக்கமாக நகர்த்தி, உடைந்த இடமும் உடைந்த இடமும் பார்த்துக்கொள்ளும்படி வைத்தார். பிசின் விட்டு மூடினார். நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. மைக்ராஸ்கோப்பில் வைத்து அவர் பார்த்தார். அம்மா பார்த்தார். அப்புறம் தேர்வாளர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“வாங்க.”

“நானாங்க சார்?”

“எத்தனை வருஷமா இதைத் துடைக்கிறீங்க?”

“பதினஞ்சுங்க.”

“ஒரு தடவை பாருங்க.”

பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, ஒரே இளஞ்சிவப்பு. அவர் பக்கத்தில் நின்று ஸ்லைடை மெல்ல நகர்த்த நகர்த்தச் சொல்லிக்கொண்டே வந்தார். தலை எங்கே என்று தேடினேன். தலை என்று ஒன்று இல்லை. முகம் இல்லை, தாடை இல்லை, நம்மைப் போலக் கண் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் மீசை மாதிரி சில இழைகள். இதயம் என்று தனியாக எதுவும் கிடையாது, ரத்தக் குழாயே துடித்துக்கொள்ளும் என்றார். உடம்பு நெடுக, அம்பு முனைகளை ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கினது போல தசைக் கட்டுகள். அவ்வளவு ஒழுங்காக ஒரு கைத்தறிக்காரர்கூட பார்டர் போட முடியாது. எலும்பு? ஒன்றுகூட இல்லை.

“இப்ப முதுகுப் பக்கம் பாருங்க. ஒரு கோடு போகுதா?”

போனது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், நடுவில் எங்கேயும் கணு இல்லாமல், ஒரே கோடு. நான் செய்த போலியில் மணி மணியாகத் தெரிந்த இடத்தில், இதில் ஒரே நரம்பு போல, விறைப்பாக, அமைதியாக.

“அதுதான் முதுகுநாண். கடல் ஓரத்து மணல்ல ஒடம்பைப் புதைச்சுக்கிட்டு, வாயை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும் இது. கோடிக்கணக்கான வருஷமா இப்படியே இருக்கு. நமக்கு நேர் தாத்தா இல்ல. ஆனா அந்தத் தாத்தாவோட சாயல் மாறாம நிக்கிற சொந்தக்காரன்.”

கொஞ்சம் பொறுத்து அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. “நீங்களும் நானும் அம்மா வயித்துல இருந்தப்ப, எலும்பு உருவாகறதுக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு கோடுதான் முதல்ல வந்துச்சு. அதைச் சுத்தித்தான் முதுகெலும்பு வந்துச்சு. அந்தக் கோடு முழுசா போயிடல. ஒவ்வொரு முதுகெலும்புக்கும் நடுவுல மெத்து மெத்துன்னு ஒரு வட்டு இருக்கு இல்ல? அதுக்குள்ள மிச்சம் இன்னும் இருக்கு.”

நான் கண்ணை எடுக்காமலே ஒரு கையால் என் முதுகைத் தடவிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே தடவினேன். கடலையே நாலைந்து தடவைதான் பார்த்திருப்பேன். அதுவும் கடலூரில் காலை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தது. அந்தக் கடல் மணலில் கிடந்த ஒரு உயிரின் கோடு, கச்சிராயபாளையத்துக்காரன் முதுகில் ஒளிந்து கிடக்கிறது என்றால்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தமாஷாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் முறை.

பிள்ளைகளை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். ஏழாவது ஸ்பாட்டர் தவறாக வைக்கப்பட்டுவிட்டது, மற்றவர்கள் அதை மட்டும் திரும்ப எழுத வேண்டும் என்று தேர்வாளர் சொன்னார். யார் வைத்தது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீ எழுத வேண்டாம்மா. உன் பதில் சரியான பதில். முழு மார்க் போட்டாச்சு” என்றார்.

அவள் போகவில்லை. “நானும் பாக்கட்டுங்களா சார்? அசல் இன்னும் பாக்கலையே.”

கடைசி ஆளாக வரிசையில் நின்று வந்து குனிந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவள் நிமிரவில்லை. “உடைஞ்சிக்கீது” என்றாள் தனக்குத்தானே. அப்புறம், “கோடு மட்டும் இந்தத் துண்டுலயும் அதே மாதிரிதான் போவுது” என்றாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் போல இருந்தாள்.

பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பி என்னிடம் வந்தாள்.

“மணியை முன்னாடியே அடிச்சிட்டீங்க இல்லண்ணா?”

“அடிச்சிட்டேம்மா.”

“தெரியும்” என்றாள். “மீனும் நீங்கதான?”

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், “வாய்க்கா மீனாண்ணா அது? பாவம், சின்னது” என்று சொல்லிவிட்டு மழையில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள்.

அம்மா மேலே எழுதி அனுப்பத்தான் செய்தார். விளக்கம் கேட்டார்கள், நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை, கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது. அந்தப் பெண் அந்தப் பேப்பரில் தேறினாள் என்று ரிசல்ட் ஒட்டிய பலகையில் நானே நம்பரைத் தேடிப் பார்த்துக்கொண்டேன். ஒடிந்த ஆம்பியாக்ஸஸ் இன்றும் அந்த லேபில் இருக்கிறது. வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வரும்போது, அந்த மயிரிழை இடைவெளி எப்படி வந்தது என்று கேட்பார்கள். எப்படி வந்தது என்று சொல்லுவேன். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் முதலில் பாருங்கள் என்று சொல்லி, அவர்கள் பார்த்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்போது வயதாகிவிட்டது. குனிந்து லேபைப் பெருக்கி நிமிரும்போது முதுகு பிடித்துக்கொள்கிறது. வட்டு நகர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்கிற இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு நிற்கும்போதெல்லாம், இதற்குள்ளே ஒரு துளி அந்தக் கடல் மணலிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்; அதைப் பார்க்காமலே பதினைந்து வருடம் துடைத்த என்னை, எழுதினால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தும் பார்த்ததையே எழுதிய ஒரு மலைப் பெண் அல்லவா அதன் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள் என்று நினைத்ததும், வலியோடு சேர்ந்து ஒரு சிலிர்ப்பும் முதுகில் ஏறுகிறது.